பெரிய எண்ணின் காரணி: வகுத்துப் பார்ப்பதா, வர்க்கம் தேடுவதா?

மஸ்கெலியாப் பக்கம் டியூஷன் வகுப்பு ஒன்றில் 2,027,651,281 என்று கரும்பலகையில் எழுதிக் காரணி கேட்டுப் பாருங்கள். "முதலில் 3 ஆல் போகுதா பார்ப்போம் சேர்" என்றுதான் பிள்ளைகள் தொடங்குவார்கள். இலக்கங்களின் கூட்டுத்தொகை 34, ஆகவே போகாது. அடுத்து 7, 11, 13... பிழையே வராத வழிதான். ஆனால் இந்த எண்ணின் சின்னக் காரணி 44,021. அதற்குக் கீழே 4,500க்கும் மேற்பட்ட முதன்மை எண்கள் இருக்கின்றன. கொப்பி முடிந்துவிடும்.

பதினேழாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக்காரர் பெர்மா இதே எண்ணை வைத்துத்தான் தன் வழியைக் காட்டினார். எண்ணை இரண்டு வர்க்கங்களின் வித்தியாசமாக எழுத முடிந்தால் காரணி தானாக வந்துவிடும்: a² − b² = (a − b) × (a + b). வர்க்கமூலம் 45,029ஐக் கொஞ்சம் தாண்டுவதால் 45,030இல் தொடங்குகிறோம். அதன் வர்க்கத்திலிருந்து எண்ணைக் கழித்தால் 49,619. வர்க்க எண் எதுவும் 19இல் முடியாது, விடுங்கள். மறுபடி வர்க்கம் காணத் தேவையில்லை. 45,030ஐயும் 45,031ஐயும் கூட்டி வரும் 90,061ஐச் சேர்த்தால் அடுத்த மீதி 139,680. அப்புறம் 90,063, 90,065 என்று இரண்டிரண்டாக ஏறும் எண்களைக் கூட்டிக்கொண்டே போகலாம். பன்னிரண்டாவதாக, 45,041இல், 1,040,400 வரும். அது 1,020இன் வர்க்கம். 45,041இலிருந்து 1,020ஐக் கழித்தால் 44,021, கூட்டினால் 46,061. வேலை முடிந்தது. எனக்குப் பிடித்தது கடைசி இரண்டு இலக்கத்தைப் பார்த்துத் தள்ளுவதுதான்: பன்னிரண்டில் 499,944ம் கடைசி எண்ணும் மட்டுமே அந்தச் சல்லடையில் தங்குகின்றன.

சரி, அப்படியானால் பெர்மாதான் கெட்டிக்காரரா? 15,701ஐக் கொடுத்துப் பாருங்கள். வகுக்கிறவர் நாலாவது முதன்மை எண்ணான 7இலேயே பிடித்துவிடுவார்: 7 × 2,243. (2,243 மீற்றர்தான் சிவனொளிபாதமலையின் உயரம், அதுவும் முதன்மை எண்.) பெர்மா வழியில் போகிறவர் 126இல் தொடங்கி 1,125 வரை, சரியாக 1,000 படி ஏற வேண்டும். காரணிகள் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால்தான் அவர் வழி பறக்கும். இணையத்தில் தகவலை மறைத்து அனுப்ப, இரண்டு பெரிய முதன்மை எண்களின் பெருக்கத்தை வைத்துப் போடும் ஆர்எஸ்ஏ பூட்டுக்கு எண் தேர்வு செய்கிறவர்கள் அந்த இரண்டு எண்களையும் நெருக்கமாக வைக்காததற்கு இதுவும் ஒரு காரணம்.

என் கட்சி: 100க்குள் உள்ள முதன்மை எண்களால் முதலில் வகுங்கள். அகப்படாவிட்டால் பெர்மா வழியில் ஓர் இருபது படி, அதற்கு மேல் வேண்டாம்.

முதன்மையா இல்லையா என்பது மட்டும்தான் கேள்வி என்றால் காரணியைத் தேடவே வேண்டாம். பெர்மாவின் இன்னொரு தேற்றம் இருக்கிறது: ஒற்றை எண் ஒன்று முதன்மையானால், அதைவிட ஒன்று குறைந்த அடுக்குக்கு 2ஐ உயர்த்தி அந்த எண்ணாலேயே வகுக்கும்போது மீதி 1 வரவேண்டும். வராவிட்டால் அது முதன்மை அல்ல, சந்தேகமே இல்லை. வந்தால் மட்டும் உடனே நம்பிவிடாதீர்கள். 341க்கும் 1தான் வரும். அது 11 × 31.