வேலூர் சி.எம்.சி. சாப்ளின் சேவை: ஐ.சி.யூ. வாசலில் எங்களோடு உட்கார்ந்தவர்

சி.எம்.சி.யின் வைத்தியத்தைப் பற்றி ஊருக்கே தெரியும். நான் எழுதுவது அங்குள்ள சாப்ளின்களைப் பற்றி. நோயாளியோடும் கூட வந்தவர்களோடும் பேசவும், கேட்டால் ஜெபிக்கவும் அந்த ஆஸ்பத்திரியில் தனியாக ஆட்கள் இருக்கிறார்கள்.

2017 ஐப்பசியில் என் தம்பிக்கு டெங்கு. வயது 24. எங்களுக்குச் செய்யாறு பக்கம். முதலில் சேர்த்த இடத்தில், "இனி ஆண்டவன் விட்ட வழி" என்று நடந்துகொண்டே சொல்லிவிட்டுப் போனார்கள். ராத்திரியோடு ராத்திரியாக வேலூர். அப்புறம் ஒன்பது நாள் ஐ.சி.யூ. வாசல்தான்.

அம்மா அழவே இல்லை. தம்பிக்குச் சின்ன வயதில் மஞ்சள் காமாலை வந்தபோது திருத்தணியில் மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டாராம். அறுவடை, அக்கா கல்யாணம் என்று தள்ளிப்போய்விட்டது. "முருகன் கடனை வசூல் பண்றான்" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். "அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா" என்று நாங்கள் ஆளாளுக்குச் சொன்னோம். காதில் ஏறவில்லை.

மூன்றாம் நாள் வார்டு சிஸ்டர் சொல்லி ஒரு சாப்ளின் வந்தார். ஐம்பது வயதுப் பெண்மணி, காட்டன் புடவை. மதம் மாற்றத்தான் வருகிறார் என்று நினைத்தேன். மாமா எழுந்து பாபு ராவ் தெருப் பக்கம் டீ குடிக்கப் போய்விட்டார். சாப்ளினோ, "கொஞ்ச நேரம் உட்காரலாமாம்மா?" என்று கேட்டு, அம்மா தலையாட்டிய பிறகே பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். வேண்டுதல் கதையை முழுக்கக் கேட்டார். எந்த வருஷம், அப்போது கூட யார் இருந்தார்கள் என்றெல்லாம் விசாரித்தார். நாங்கள் ஒன்றுமில்லை என்று தள்ளியதை அவர் ஒருவர்தான் மதித்துக் கேட்டார். பிறகு, "சின்னதுல உங்க பையன் தடுக்கி விழுந்தா முருகன் என்னம்மா பண்ணியிருப்பாரு?" என்றார்.

அம்மா ரொம்ப நேரம் பேசவில்லை. "தூக்கியிருப்பான்" என்றார். சொல்லிவிட்டு உடைந்து அழுதார்.

"நான் ஜெபம் பண்ணட்டுமா, இல்ல நீங்க கும்பிடுறீங்களா?" என்று கேட்டார். அம்மா செவ்வாய்க்கிழமைகளில் பாடும் பாட்டைப் பாடினார். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

நூறு வருஷத்துக்கும் முன்னால் திண்டிவனத்தில் ஒரே இரவில், ஆண் மருத்துவரிடம் காட்டக் கூடாது என்று பிரசவ வலியிலேயே மூன்று பெண்கள் இறந்துபோனார்கள். இரண்டு இந்துக்கள், ஒரு முஸ்லிம். அதைப் பார்த்த அமெரிக்க மிஷனரி வீட்டுப் பெண் ஐடா ஸ்கடர் மருத்துவம் படித்து வந்து, 1900இல் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கியதுதான் இன்றைய சி.எம்.சி. எந்த மதம் என்று பார்க்காமல் உதவும் வழக்கம் அங்கே இன்னும் மாறவில்லை என்று எனக்குப் பட்டது. பக்கத்து பெஞ்சில் கொல்கத்தாக்காரர் ஒருவர் தனியாக இருந்தார். சாப்ளின் அவரிடமும் போய், தெரிந்த இந்தியில் பேசிக்கொண்டிருந்தார்.

தம்பி பிழைக்கவில்லை. கடைசி நாள் விடியற்காலையில் அவர் வந்து அம்மாவை உள்ளே அழைத்துப் போனார். தம்பி காதருகே அம்மா அதே பாட்டைப் பாடி முடிக்கும்வரை தோளைப் பிடித்தபடி நின்றார். ஆறுதல் வார்த்தை எதுவும் சொல்லவில்லை. அதற்கு நான் இன்றும் நன்றியோடு இருக்கிறேன்.

சாப்ளின் வந்து இருந்ததற்கு எங்களிடம் ஒரு பைசா கேட்கவில்லை. உங்கள் வீட்டில் யாராவது அங்கே இருந்தால், தயங்காமல் வார்டு சிஸ்டரிடம் சொல்லுங்கள். எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் சரி, கும்பிடாவிட்டாலும் சரி.

துக்கம் கழிந்து வருஷம் திரும்பியதும் அம்மாவை அழைத்துக்கொண்டு திருத்தணி போனேன். தம்பிக்காக நான் மொட்டை போட்டுக்கொண்டேன்.