தமிழில் வந்திருக்கும் ‘விடுதலை பெற்ற நாடுகள்’ சுவர் வரைபடம்: வாங்கலாமா?

பாரிமுனை, பிராட்வே பக்கத்து வரைபடக் கடைகளில் ஒரு சுவர் வரைபடம் தொங்குகிறது. பிரிட்டன், பிரான்ஸ், போர்ச்சுகல், நெதர்லாந்து, பெல்ஜியம், ஸ்பெயின், இத்தாலி ஆகியவற்றின் பிடியில் இருந்த நாடுகளை ஏழு நிறங்களில் பிரித்து, ஒவ்வொன்றும் விடுதலை பெற்ற ஆண்டை அதன் மேலேயே அச்சிட்டிருக்கிறார்கள். அகலம் 100 செ.மீ., உயரம் 70 செ.மீ. மேலும் கீழும் பி.வி.சி. குழாய், இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் பூச்சு, கூடவே 48 பக்கக் கையேடு. எல்லாம் சேர்த்து 450 ரூபாய். பத்தாம் வகுப்புக்குப் பாடம் எடுப்பவர்களுக்கும், போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கும், ஊர் நூலகங்களுக்கும் தமிழில் இப்படி ஒன்று வேண்டியிருந்தது. வாங்கலாம் என்பதே நம் முடிவு. ஆனால் சுவரில் மாட்டும் முன் சில இடங்களில் பேனாவால் திருத்த வேண்டியிருக்கும்.

முதலில், எப்படி வாங்குவது. இதே வரைபடம் மடித்தும் வருகிறது, உருளையாகவும் வருகிறது. மடித்தது 80 ரூபாய் குறைவு. அதைத் தொடாதீர்கள். தாளின் நட்டநடுவில் இருப்பது 0 பாகை தீர்க்கரேகை. ஆப்பிரிக்காவுக்குள் நடு மடிப்பு அல்ஜீரியாவில் தொடங்கி மாலி, புர்கினா ஃபாசோ வழியாகக் கானாவின் மேல் இறங்கி கினி வளைகுடாவில் விழுகிறது. 1957 முதல் 1962 வரை விடுதலை அலை அடித்த இடமே அதுதான். நாலு தடவை விரித்து மடித்தால் பூச்சு வெடித்து, டோகோ, பெனின் மாதிரி ஒல்லியான நாடுகளின் ஆண்டுகள் உரிந்துவிடும். மடித்த வரைபடத்தில் முதலில் சாகும் எழுத்துகள், நமக்கு அதிகம் வேண்டிய எழுத்துகளாகவே இருக்கின்றன.

உருளையிலும் ஒன்றைக் கவனியுங்கள். பூச்சு தாளின் ஓரத்தைத் தாண்டிக் குறைந்தது அரை செ.மீ. வெளியே நீட்டியிருக்க வேண்டும். தாளோடு ஒட்ட வெட்டியிருந்தால், ஐப்பசி மழைக்குச் சென்னைச் சுவரில் ஊறும் ஈரம் ஓரம் வழியாக உள்ளே ஏறும். தாள் உப்பி, இரண்டு பூச்சுகளும் பிரிந்துவிடும். வெளிச்சுவரின் உட்பக்கத்தில் மாட்டாமல் அறைகளுக்கு நடுவே உள்ள சுவரில் மாட்டினால் இந்தத் தொல்லை பாதியாகும். பூச்சு பளபளப்பானது. டியூப் லைட்டுக்கு நேர் எதிரே மாட்டினால் வடக்கு ஆப்பிரிக்கா முழுக்க வெள்ளைக் கோடாகத்தான் தெரியும். ஜன்னலுக்குப் பக்கவாட்டுச் சுவர்தான் இதற்கு ஏற்ற இடம். ஆண்டுகளின் எழுத்து உயரம் 2 மி.மீ.தான் என்பதால் வகுப்பறையின் கடைசி பெஞ்சுக்குத் தெரியாது. அருகில் போய்ப் படிக்கும் உயரத்தில், மேற்கு ஆப்பிரிக்கா மாணவரின் கண்ணுக்கு நேரே வருகிற மாதிரி ஆணி அடியுங்கள்.

இனி விஷயத்துக்கு வருவோம். வரைபடம் பெரும்பாலும் ஒரு நாட்டுக்கு ஒரே ஓர் ஆண்டைத்தான் தருகிறது. பாதி நாடுகளுக்கு அது போதும். கென்யா என்றால் 1963, ஜமைக்கா என்றால் 1962, பேச்சே இல்லை. மீதி நாடுகளில் நான்கு வேறு நிகழ்ச்சிகள் நான்கு வேறு ஆண்டுகளில் நடந்திருக்கும்: விடுதலையைப் பிரகடனம் செய்தது, ஆண்ட நாடு அதை ஒப்புக்கொண்டது, குடியரசானது, ஐ.நா.வில் சேர்ந்தது. இவற்றில் எதை அச்சிட்டோம் என்று வரைபடத்திலும் சொல்லவில்லை, கையேட்டிலும் சொல்லவில்லை. இடத்துக்கு இடம் அளவுகோல் மாறுகிறது.

இந்தோனேசியாவில் 1949 என்று இருக்கிறது. 1949 டிசம்பர் 27 நெதர்லாந்து ஆட்சியுரிமையை ஒப்படைத்த நாள். இந்தோனேசியர்கள் கொண்டாடுவது 1945 ஆகஸ்ட் 17, விடுதலைத் தலைவர்கள் சுகர்னோவும் ஹத்தாவும் ஜகார்த்தாவில் பிரகடனம் செய்த நாள். இடைப்பட்ட நான்கு ஆண்டுகளும் போரில் கழிந்தவை. 1949ஐ மட்டும் போட்டால் டச்சுக்காரர்கள் மனமுவந்து கொடுத்ததாக ஆகிவிடும். அடுத்தாற்போல் வியட்நாமைப் பாருங்கள். அங்கே 1945 என்று இருக்கிறது. 1945 செப்டம்பர் 2 ஹோ சி மின் ஹனோயில் பிரகடனம் செய்த நாள். பிரான்ஸ் அதை ஏற்கவில்லை. 1954 மே மாதம் தியென் பியென் ஃபூவில் தோற்று, ஜூலையில் ஜெனீவாவில் கையெழுத்திட்ட பிறகுதான் வெளியேறியது. ஆக, ஒரு நாட்டுக்கு ஒப்படைத்த ஆண்டு, பக்கத்து நாட்டுக்குப் பிரகடனம் செய்த ஆண்டு. இரண்டையும் ஒரே மாதிரி எழுத்தில் அச்சிட்டால் படிக்கிற பிள்ளைக்கு என்ன புரியும்?

கினி-பிசாவும் இதே ரகம். வரைபடம் 1974 என்கிறது. 1973 செப்டம்பர் 24 அன்றே, காட்டுக்குள் போர் நடந்துகொண்டிருந்தபோதே விடுதலைப் பிரகடனம் வந்துவிட்டது. 1974 ஏப்ரல் 25 லிஸ்பனில் ராணுவப் புரட்சி நடந்து சர்வாதிகாரம் விழுந்த பிறகு, அந்த ஆண்டு செப்டம்பர் 10 அன்று போர்ச்சுகல் ஏற்றுக்கொண்டது. அடுத்த ஆண்டு ஜூனில் மொசாம்பிக், நவம்பரில் அங்கோலா. போர்ச்சுகல் வட்டாரம் முழுதும் 1974–75இல் கொத்தாக விழுவது வரைபடத்தில் அழகாகத் தெரிகிறது. காலனிகளில் நடந்த போர் ஆண்ட நாட்டின் அரசையே கவிழ்த்தது என்பதைக் கையேடு ஒரே வரியில் தாண்டிப் போகிறது. அதற்கு ஒரு பக்கமாவது ஒதுக்கியிருக்க வேண்டும்.

ஐ.நா.வில் சேர்ந்த ஆண்டையே விடுதலை ஆண்டாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் ஆபத்தானது. கையேட்டின் பின்னிணைப்பு அதைத்தான் செய்கிறது. இந்தியா 1945லேயே ஐ.நா.வின் தொடக்க உறுப்பினர். அப்போது டெல்லியில் வைஸ்ராய் உட்கார்ந்திருந்தார். பிலிப்பீன்சும் தொடக்க உறுப்பினர்தான், அமெரிக்கா ஆட்சியை விட்டது 1946 ஜூலை 4 அன்று. இலங்கைக்குக் கதை தலைகீழ். விடுதலை 1948 பிப்ரவரி 4, ஐ.நா.வில் இடம் கிடைத்தது 1955 டிசம்பரில். பின்னிணைப்பைத் தேர்வுக்கு மனப்பாடம் செய்யாதீர்கள்.

இலங்கைக்கு இன்னொரு குறிப்பும் தேவை. 1948இல் கிடைத்தது டொமினியன் தகுதி, அதாவது பிரிட்டிஷ் முடியையே தலைமையாக வைத்துக்கொண்டு தன்னைத் தானே ஆளும் நிலை. திருகோணமலைக் கடற்படைத் தளமும் கட்டுநாயக்க விமானத் தளமும் 1957 வரை பிரிட்டனிடமே இருந்தன. குடியரசானது 1972 மே 22. நம் நாட்டில் இரண்டரை ஆண்டுக்குள் முடிந்த வேலை அங்கே கால் நூற்றாண்டு எடுத்தது.

நம் வீட்டுப் பக்கத்திலேயே ஒரு பிழை இருப்பதுதான் மிகவும் வருத்தம். இந்தியா முழுவதையும் ஒரே நிறத்தில் தீட்டி 1947 என்று போட்டுவிட்டார்கள். சென்னையிலிருந்து மூன்று மணி நேரத்தில் போய்ச் சேரும் புதுச்சேரிக்கு இந்த ஆண்டு பொருந்தாது. 1954 அக்டோபர் 18 அன்று புதுச்சேரிப் பகுதியின் கீழூர் கிராமத்தில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் வாக்களித்தார்கள். இந்தியாவோடு இணைய 170 பேர் சம்மதித்தார்கள், 8 பேர் மறுத்தார்கள். நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. ஒப்பந்தம் கையெழுத்தானது 1956 மே 28, பிரான்ஸ் முறைப்படி ஒப்புதல் அளித்து அது நடைமுறைக்கு வந்தது 1962 ஆகஸ்ட் 16. கோவாவுக்கு 1961 டிசம்பர் 19. ஓரத்தில் ஒரு பெட்டி போட்டு இந்த இரண்டையும் காட்ட இடம் தாராளமாக இருக்கிறது. அந்த இடத்தில் திசைகளைக் காட்டும் பூ வடிவக் குறி ஒன்றைப் பெரிதாக வரைந்திருக்கிறார்கள். தமிழ் வாசகருக்காகத் தமிழில் போடும் வரைபடத்தில் புதுச்சேரி விடுபடலாமா? அடுத்த பதிப்பில் பூவை எடுத்துவிட்டு, 1845இல் டேனியர்கள் ஆங்கிலேயருக்கு விற்ற தரங்கம்பாடி, 1825இல் டச்சுக்காரர் கையிலிருந்து ஆங்கிலேயருக்குப் போன பழவேற்காடு ஆகியவற்றையும் அங்கே சேர்க்க வேண்டும். ஓர் ஏகாதிபத்தியம் போவதாலேயே விடுதலை வந்துவிடாது, இன்னொன்றிடம் கைமாறவும் கூடும் என்பதற்கு நம் கடற்கரையே சாட்சி.

நிறங்களில் இன்னொரு சிக்கல். வங்கதேசத்துக்குப் பிரிட்டனின் இளஞ்சிவப்பைத் தீட்டி 1971 என்று போட்டிருக்கிறார்கள். அதைப் பார்ப்பவர் பிரிட்டன் 1971 வரை டாக்காவில் இருந்தது என்றே படிப்பார். சிங்கப்பூர் 1965 அப்படித்தான். அது மலேசியாவிலிருந்து பிரிந்த ஆண்டு. நமீபியாவின் 1990, தென்னாப்பிரிக்காவிடமிருந்து பெற்றது. எரித்ரியாவின் 1993, எத்தியோப்பியாவிடமிருந்து. ஐரோப்பிய நாட்டிடமிருந்து அல்லாமல் அண்டை நாட்டிடமிருந்து பிரிந்தவற்றுக்குச் சாய்கோடு போட்டிருந்தால் வேலை முடிந்திருக்கும்.

ஒரே நாட்டின் பங்குகளைத் தேதியோடு பிரித்துக் காட்டுவதைக் கேமரூனில் அருமையாகச் செய்திருக்கிறார்கள். உருப்பெருக்கி வைத்துப் பாருங்கள். ஜெர்மனியின் காலனியாக இருந்து, முதல் உலகப் போருக்குப் பின் பிரான்சும் பிரிட்டனும் பங்கிட்டுக்கொண்ட நாடு அது. பிரெஞ்சுப் பங்கில் ‘1960 ஜன. 1’ என்றும், பிரிட்டிஷ் பங்கின் தென்பாதியில் ‘1961 அக். 1’ என்றும், நைஜீரியாவோடு போன வடபாதியில் ‘1961 ஜூன் 1’ என்றும் நகக்கண் அளவு இடத்தில் மூன்று தேதிகள், நடுவே புள்ளிக்கோட்டு எல்லைகள். அச்சு கொஞ்சமும் கலங்கவில்லை. இதைப் போட்டவருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. சோமாலியாவிலும் பிரிட்டிஷ் பங்குக்கு ஜூன் 26, இத்தாலியப் பங்குக்கு ஜூலை 1 என்று 1960இன் இரண்டு தேதிகளையும் பிரித்தே கொடுத்திருக்கிறார். இந்தக் கவனம் வரைபடம் முழுக்கப் பரவவில்லையே என்பதுதான் ஆதங்கம்.

வரைபட வீச்சை, அதாவது உருண்டைப் பூமியைத் தட்டைத் தாளில் விரிக்கும் முறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். இது மெர்கேட்டர் வீச்சு. நிலநடுக்கோட்டிலிருந்து விலக விலக நாடுகள் ஊதிப் பெருக்கும். காங்கோ ஜனநாயகக் குடியரசின் பரப்பு சுமார் 23.4 லட்சம் சதுர கி.மீ., அதை 1960 ஜூன் 30 வரை ஆண்ட பெல்ஜியம் சுமார் 30,500 சதுர கி.மீ. ஏறக்குறைய 77 மடங்கு. மெர்கேட்டரில் பெல்ஜியம் இருக்கும் 50, 51 பாகையில் பரப்பு இரண்டரை மடங்காகிவிடுவதால், தாளில் அந்த வித்தியாசம் 30 மடங்காகச் சுருங்கித் தெரிகிறது. எத்தனை சிறிய நாடு எவ்வளவு பெரிய நாட்டைப் பிடித்து வைத்திருந்தது என்பதே இந்த வரைபடத்தின் பொருள். பரப்பைச் சரியாகக் காட்டும் சமபரப்பு வீச்சில் போட்டிருக்க வேண்டியது இது.

தமிழ்ப் பெயர்கள் பெரும்பாலும் நன்றாக உள்ளன. தென்னமெரிக்காவில் மட்டும் இரண்டு இடங்களில் ‘கயானா’ என்று இருக்கிறது. ஒன்று 1966இல் பிரிட்டனிடமிருந்து விடுதலை பெற்ற கயானா. மற்றது பிரெஞ்சு கயானா, 1946 முதல் பிரான்சின் ஒரு மாவட்டம், இன்றும் அப்படியே. நம் இன்சாட் செயற்கைக்கோள்கள் பல ஏரியான் ராக்கெட்டில் கிளம்பிய கூரூ ஏவுதளம் அங்கேதான் இருக்கிறது. ‘பிரெஞ்சு’ என்ற சொல்லை அச்சில் விட்டுவிட்டு ஆண்டையும் போடாததால், பார்ப்பவர் அச்சுப்பிழை என்றே நினைப்பார். தமிழ் வழி வந்தவர்கள் நிறைய வாழும் ரீயூனியனும் இதே வகைதான்: 1946 முதல் பிரெஞ்சு மாவட்டம், ஆண்டு கிடையாது. பக்கத்து மொரீஷியஸுக்கு 1968 மார்ச் 12.

பேனாத் திருத்தம் எளிது. சிடியில் எழுதும் மெல்லிய நிலைத்த மை மார்க்கர் இரண்டு வாங்குங்கள், கறுப்பு ஒன்று, சிவப்பு ஒன்று. ஆண்ட நாடு ஒப்படைத்த ஆண்டுக்குக் கறுப்பு, மக்கள் தாமே பிரகடனம் செய்த ஆண்டுக்குச் சிவப்பு. இந்தோனேசியாவில் 1945ஐச் சிவப்பில் சேருங்கள். வியட்நாமின் 1945ஐச் சிவப்பில் வட்டமிட்டு, 1954ஐக் கறுப்பில் எழுதுங்கள். கினி-பிசாவில் 1973 சிவப்பு. புதுச்சேரிக்கு 1954, 1962 இரண்டையும் கடலுக்குள் எழுதிக் கோடு இழுங்கள், நிலத்தில் இடம் போதாது. தவறினால் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு உடனே துடைத்தால் போய்விடும், ஒரு நாள் விட்டால் கறை நிற்கும். முதலில் கீழ் ஓரத்தில் ஒரு புள்ளி வைத்துத் துடைத்துப் பாருங்கள். சில பிரதிகளில் பூச்சின் தரம் குறைவு, ஸ்பிரிட் பட்டதும் மங்குகிறது. அப்படி மங்கினால் கடையிலேயே மாற்றிக்கொள்வது நல்லது.

கடையில் பழைய பதிப்பும் அதே விலைக்கு அதே உறையில் கிடக்கிறது. உருளையைப் பிரித்து மூன்று இடங்களைப் பாருங்கள். சூடானுக்குக் கீழே தெற்கு சூடானும் 2011உம் இருக்க வேண்டும். தென்னாப்பிரிக்காவை ஒட்டிய சின்ன நாட்டின் பெயர் ஸ்வாசிலாந்து என்றில்லாமல் எஸ்வாட்டினி என்றிருக்க வேண்டும், 2018இல் மாறியது. கிழக்குத் தைமூரில் அது கடைசியாக விடுதலை பெற்ற 2002 இருக்க வேண்டும். பழைய பதிப்பில் அங்கே வெறும் 1975 மட்டும் இருக்கிறது. அந்த ஆண்டு நவம்பர் 28 அன்று பிரகடனம் செய்து, ஒன்பதே நாளில் இந்தோனேசியப் படை உள்ளே நுழைந்துவிட்டது. அந்தப் பிரதியைக் கையில் கொடுத்தால் திருப்பிக் கொடுத்துவிட்டு, புதியதைக் கேட்டு வாங்குங்கள்.