கூட்டம் ஏறும் முன்னே கோத்தகிரி

நீலகிரிக்கு நிம்மதியாகப் போய்வர வேண்டும் என்றால் மார்ச் மாதம்தான் சரி. மே பிறந்தால் ஊட்டியில் மலர்க் கண்காட்சி, குன்னூர் சிம்ஸ் பூங்காவில் பழக் கண்காட்சி, கோத்தகிரி நேரு பூங்காவில் காய்கறிக் கண்காட்சி என்று மலை முழுக்கத் திருவிழாக் கூட்டம். பார்க்க அழகாகத்தான் இருக்கும், ஆனால் பாதிப் பொழுது வண்டிக்குள்ளேயே போய்விடும். மார்ச்சில் பள்ளிகளில் தேர்வு நடப்பதால் குடும்பங்கள் கிளம்புவதில்லை. பகலில் இதமான வெயில், ராத்திரி கம்பளி கேட்கிற குளிர். சாலையோர ஜகரண்டா மரங்கள் ஊதாப் பூ பூக்கத் தொடங்கும் காலமும் அதுதான்.

எனக்குச் சொந்த ஊர் கும்பகோணம், இப்போது இருப்பது டொராண்டோவில். அங்கே பிள்ளைகளுக்கு மார்ச் விடுமுறை வருகிறது என்பதால் இந்த முறை அப்போதே ஊருக்கு வந்தோம். முழங்கால் வலியோடு இருக்கும் அம்மா, வளைவுகளில் வண்டி திரும்பினால் தலை சுற்றும் சித்தி, இரண்டு பிள்ளைகள், நான். டெல்டாவில் பிறந்த எங்களில் யாருக்கும் மேற்கு மலைப் பக்கம் பழக்கமே இல்லை. தெரியாத இடத்துக்கு வயதானவர்களை அழைத்துக்கொண்டு போகிற மற்றவர்களுக்கும் உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் எடுத்த முடிவு, ஒரே இடத்தில் தங்குவது. ஊட்டியில் இரண்டு ராத்திரி, குன்னூரில் ஒரு ராத்திரி, அப்படியே முதுமலை என்று போட்டுத் தருகிற திட்டங்களில் தினமும் மூட்டை கட்டி அவிழ்ப்பதே வேலையாகிவிடும். நாங்கள் கோத்தகிரியைத் தேர்ந்தெடுத்தோம். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். கோத்தகிரி கிட்டத்தட்ட 1,800 மீட்டர்தான், குளிர் அவ்வளவு கடுமையாக இராது. மூன்று மலை ஊர்களில் இதுதான் சிறியது, அமைதியானது. மேட்டுப்பாளையத்திலிருந்து 33 கிலோமீட்டர்தான், யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் சட்டென்று கீழே இறங்கிவிடலாம். அரசு மருத்துவமனையும் ஊருக்குள்ளேயே இருக்கிறது. பெரியவர்களோடு போகும்போது இதையெல்லாம் யோசித்துத்தான் ஆக வேண்டும்.

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை மலை ரயிலில் போனோம். முன்பதிவு 60 நாட்களுக்கு முன்னால் திறக்கும், இருக்கைகள் குறைவு என்பதால் சீக்கிரம் தீர்ந்துவிடும். ரயில்வே கணக்குக்கு ஓடிபி பெரும்பாலும் இந்திய எண்ணுக்குத்தான் வரும். டொராண்டோவில் நள்ளிரவில் உட்கார்ந்து அல்லாடுவதைவிட, ஊரில் இருக்கும் அண்ணனோ தங்கையோ தங்கள் கணக்கில் போட்டுத் தருவது சுலபம். எங்களுக்கு அண்ணன்தான் போட்டுத் தந்தார். கும்பகோணத்திலிருந்து கோவைக்கு ஜனசதாப்தி, அப்புறம் காரில் மேட்டுப்பாளையம். காலை 7.10-க்கு வண்டி கிளம்பிவிடும் என்பதால் ராத்திரி அங்கேயே தங்கிவிடுவது நல்லது.

அந்த ரயிலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கல்லாறு தாண்டியதும் இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே பல் வெட்டிய இரும்புப் பட்டை ஆரம்பிக்கிறது. நீராவி எஞ்சினுக்கு அடியில் இருக்கும் பல்சக்கரம் அதைக் கவ்விப் பிடித்துத்தான் மேலே ஏறுகிறது. எஞ்சின் முன்னால் நின்று இழுப்பதில்லை, பின்னாலிருந்து தள்ளுகிறது. அதனால் முதல் பெட்டியில் உட்கார்ந்தவர்களுக்கு எதிரே காடும் பாதையும் மட்டும்தான். ஒவ்வொரு பெட்டியிலும் பிரேக்கைப் பிடிக்க ஓர் ஊழியர் நிற்கிறார், கையில் கொடி. குன்னூர் வரை 1899-லேயே ஓடத் தொடங்கிவிட்ட பாதை இது, 1908-ல் ஊட்டியைத் தொட்டது. 2005-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ஹில்குரோவ் நிலையத்தில் எஞ்சின் தண்ணீர் குடிக்க நின்றபோது பிள்ளைகள் இறங்கி ஓடிப்போய்ச் சக்கரத்தைக் குனிந்து பார்த்தார்கள். அங்கே இருந்த ஊழியர் ஒருவர் தன் வேலைக்கு நடுவிலும் பல் எங்கே பிடிக்கிறது என்று கை நீட்டிக் காட்டினார். சித்தி என் பக்கம் திரும்பி, "மெதுவாத்தான் போவுது, வயித்தப் பொரட்டவே இல்ல" என்றார். சாலையில் ஏறியிருந்தால் இந்த வார்த்தை வந்திருக்காது.

குறை என்று சொன்னால் இரண்டு. பெட்டிக்குள் கழிப்பறை கிடையாது, நிற்கிற நிலையங்களில்தான் போய்க்கொள்ள வேண்டும். வண்டியில் ஏறும் படியும் உயரம். அம்மாவை இரண்டு பேர் தாங்கித்தான் ஏற்றினோம். பெரியவர்களுக்கென்று ஒரு சின்ன மரப்படி வைத்தால் எவ்வளவு உதவியாக இருக்கும்!

ரயிலில் ஏறியதில் இன்னொரு வசதி, இ-பாஸ் தொல்லை இல்லை. உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகள் இ-பாஸ் இல்லாமல் ஏற முடியாது. அடுத்த ஆண்டு கோடையில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி என்று வரம்பே வைத்தார்கள். ரயிலிலும் அரசுப் பேருந்திலும் வருகிறவர்களுக்கு இது தேவையில்லை. வாடகைக் காரில் ஏறுவதாக இருந்தால், வண்டி எண் கிடைத்த பிறகுதான் விண்ணப்பிக்க முடியும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டவர்கள் மின்னஞ்சல் முகவரி கொடுத்தே பதிவு செய்யலாம், இந்திய எண் வேண்டியதில்லை. நாங்கள் குன்னூர் நிலையத்தில் இறங்கி டிஎன் 43 என்ற நீலகிரிப் பதிவு எண் போட்ட உள்ளூர் டாக்சியைப் பிடித்துக் கோத்தகிரிக்குப் போய்விட்டோம்.

பிளாஸ்டிக் விஷயத்தில் நீலகிரி கண்டிப்பான மாவட்டம். சோதனைச் சாவடியில் வண்டியை நிறுத்தித் தண்ணீர் பாட்டில் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். எவர்சில்வர் பாட்டிலை எடுத்துக்கொண்டு போங்கள். இந்தக் கண்டிப்பை நான் மனதாரப் பாராட்டுகிறேன். தேயிலைத் தோட்ட ஓரங்களில் குப்பை குறைந்திருப்பது கண்ணுக்குத் தெரிகிறது.

மனக்கசப்பு ஏற்பட்டது தங்குமிடத்தில்தான். டொராண்டோவிலிருந்தே ஓரிடத்தைப் பதிவு செய்து முன்பணமும் கட்டியிருந்தோம். கிளம்பும் வாரத்தில் அடையாள அட்டை கேட்டார்கள். கனடா பாஸ்போர்ட்டையும், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தருகிற ஓசிஐ அட்டையையும் அனுப்பியதும், "வெளிநாட்டு பாஸ்போர்ட் எடுக்கிறதில்லீங்க" என்று பதில் வந்தது. வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அரசுக்கு இணையத்தில் தகவல் தர வேண்டும், அதற்குத் தங்குமிடம் பதிவு செய்திருக்க வேண்டும். பல சின்ன விடுதிகள் செய்வதில்லை. அது அவர்கள் விருப்பம் என்றே வைத்துக்கொள்வோம், ஆனால் பணம் வாங்கும் முன்பே சொல்ல வேண்டாமா? முன்பணம் திரும்பி வர எத்தனையோ போன் பேச வேண்டியிருந்தது.

இரண்டாவதாகக் கிடைத்த வீடு அருமை. அண்ணனின் அலுவலக நண்பர் சொன்ன இடம், வீட்டுக்கார அம்மாவிடம் நேரடியாகப் போனில் பேசினோம். வெளிநாட்டு பாஸ்போர்ட் பரவாயில்லையா என்று முதலில் கேட்டோம். அடுத்து, வண்டி நிற்கும் இடத்திலிருந்து கட்டில் வரை எத்தனை படி என்று கேட்டோம். மலையில் தரைத்தளம் என்று சொன்னாலும், சரிவில் கட்டிய வீட்டுக்குச் சாலையிலிருந்து முப்பது நாற்பது படி இறங்க வேண்டியிருக்கலாம். படத்தில் அது தெரியாது. வெந்நீர் எந்த நேரத்தில் வரும், மின்சாரம் போனால் என்ன செய்வீர்கள், ராத்திரிச் சாப்பாடு வீட்டிலேயே உண்டா என்பதையும் கேளுங்கள். அந்த அம்மா ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். போய் இறங்கியபோது, "மூணே படிதானுங்க, அதுக்கும் கைப்பிடி இருக்கு" என்று சொன்னபடியே இருந்தது. "ஆறு மணிக்கு மேல தோட்டத்துப் பக்கம் போகாதீங்க, கரடி வரும்" என்று எச்சரித்ததும் அவர்தான். மறுநாள் காலை தேயிலைச் செடிகளுக்கு நடுவே இரண்டு காட்டெருமைகள் நின்றன. முழங்கால் வரை வெள்ளைக் காலுறை போட்ட மாதிரிக் கால்கள். வராந்தாவில் நாற்காலியை விட்டு எழாமலே அம்மா அவற்றை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

சுற்றிப் பார்த்தது கொஞ்சம்தான். கண்ணேரிமுக்கில் கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-ல் கட்டிய வீடு இப்போது ஆவணக் காப்பகமும் அருங்காட்சியகமுமாக இருக்கிறது. நீலகிரிப் பழங்குடிகளைப் பற்றி அங்கே பிள்ளைகள் நிறைய தெரிந்துகொண்டார்கள். கோடநாடு காட்சி முனைக்குக் காலையிலேயே போய்விடுங்கள், மதியத்துக்கு மேல் புழுதி மூட்டம் கவிந்துவிடுகிறது. கீழே மாயாற்றுப் பள்ளத்தாக்கும், பரிசலில் ஆற்றைக் கடந்து போக வேண்டிய தெங்குமரஹாடா ஊரும் தெரியும். காட்டுக்குள் நடைப்பயணம் போக ஆசைப்படுகிறவர்களுக்கு மட்டும் மார்ச் ஒத்துவராது. காட்டுத் தீ காலம் என்பதால் வனத்துறையின் மலையேற்றப் பாதைகளைப் பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை மூடி வைக்கிறார்கள். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் பலர் காட்டுத் தீயில் சிக்கி இறந்ததை நினைத்தால் அது சரியான முடிவு. யாராவது தனியாக அழைத்துப் போகிறேன் என்றால் போகாதீர்கள்.

பணத்துக்கு யுபிஐ இருந்தால் டீக்கடை வரை செல்லும். வெளிநாட்டில் வாழும் இந்தியர்களுக்கான என்ஆர்இ, என்ஆர்ஓ வங்கிக் கணக்கு இருந்தால் கனடா, சிங்கப்பூர், அமீரகம் போன்ற சில நாட்டு எண்களிலேயே இணைத்துக்கொள்ளலாம். எல்லா வங்கிகளிலும் இந்த வசதி இல்லை, புறப்படும் முன்பே கேட்டுவிடுங்கள். டாக்சிக்குக் கையில் ரொக்கமும் இருக்கட்டும்.

திரும்பும்போது கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு அரசுப் பேருந்தில் இறங்கினோம். அடிக்கடி வண்டி இருக்கிறது. நடத்துநர் சித்தியைப் பார்த்துவிட்டு, "முன்னால உட்காருங்கம்மா, ஆட்டம் தெரியாது" என்று தானாகவே இடம் மாற்றித் தந்தார். கோவையிலிருந்து விமானம் பிடிக்கிறவர்கள் காலை வண்டியிலேயே இறங்கிவிடுங்கள், மேட்டுப்பாளையம் சாலையில் நெரிசல் நேரத்தை நம்ப முடியாது.