சொந்தத் தோலா, மாடா, மீனா: எந்தக் கொலாஜன் நல்லது?

பாம்பன், மண்டபம் பக்கம் இன்ஜின் சூடு பட்டோ திருக்கை முள் குத்தியோ புண் ஆறாமல் கிடந்தால் டாக்டர் கொலாஜன் ஷீட் போடச் சொல்வதுண்டு. கொலாஜன் என்பது தோலுக்கு உறுதி தரும் இழைப் புரதம். அது எதிலிருந்து எடுத்தது என்று நம்மில் பலர் கேட்பதே இல்லை. கேளுங்கள்.

கேட்டதும் நல்லதாகத் தோன்றுவது சொந்தக் கொலாஜன்தான். வேறொரு ஆபரேஷனில் வெட்டியெடுத்த நம் தோலையே லேபில் பதப்படுத்தி, செல்களை நீக்கி, சிரிஞ்சில் அடைத்து நமக்கே திருப்பிப் போடுவது. 1990களில் அமெரிக்காவில் ஆட்டோலோஜன் என்ற பெயரில் வந்தது, குரல் நாண் சரியாகச் சேராதவர்களுக்கும் இப்படிப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். மாடு, பன்றி என்ற சங்கடம் இல்லை, அடுத்தவர் நோய் ஒட்டாது, உடம்பும் அந்நியமென்று எதிர்க்காது. ஆனால் தோல் வேண்டும், லேப் வேண்டும், நாள் கணக்கில் காத்திருக்க வேண்டும், அப்புறம் அதுவும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துதான் போகும். தழும்புப் பள்ளத்தை நிரப்புவது மாதிரி அவசரமில்லாத வேலைக்குச் சரி. உடம்பெல்லாம் வெந்து வந்தவரிடம் போய் எந்தத் தோலை வெட்டுவது?

அந்த இடத்தில் மாட்டுக் கொலாஜன்தான் கைகொடுக்கிறது. மலிவு, கவரைப் பிரித்த உடனே போடலாம். அலர்ஜி வரலாம், அதுதான் குறை. 1981ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஸைடெர்ம் என்ற மாட்டுக் கொலாஜன் ஊசியைப் போடுவதற்கு முன்னால் கையில் சோதனை ஊசி குத்தி ஒரு மாதம் பார்த்தார்கள், நூற்றுக்குச் சுமார் மூன்று பேருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. கொலாஜன் இழையின் இரு நுனிகளைப் பெப்சின் என்ற செரிமான நொதியால் நறுக்கிவிட்டால் இந்தத் தொல்லை குறையும், ஒழியாது. பன்றியிலிருந்தும் கொலாஜன் எடுப்பதுண்டு; கீழக்கரை முஸ்லிம்களுக்கு அது பெரிய விஷயம், அதைப் போட்ட பிறகு தெரிந்துகொள்வது நியாயமே இல்லை.

எனக்கு ஆசை மீன் மேல்தான். கிளாத்தி வாங்கினால் அந்தத் தடித்த தோலை அப்படியே உரித்து எறிகிறோம், அதற்குள் இருப்பதும் கொலாஜன்தானே. பிரேசிலில் திலாப்பியா தோலைத் தீக்காயத்தில் ஒட்டுகிறார்கள், ஐஸ்லாந்தின் காட் மீன் தோல் புண்ணுக்கான மருத்துவப் பொருளாகவே விற்கிறது. ஒரு சிக்கல் உண்டு: குளிர்கடல் மீனின் கொலாஜனைப் பிரித்தெடுத்தால் 15 டிகிரி வாக்கிலேயே இழை குலைந்துவிடும், நம் உடம்புச் சூடோ 37. மன்னார் வளைகுடா மாதிரி வெதுவெதுப்பான கடலில் வளரும் மீனுடையது அதைவிடச் சூடு தாங்கும், ஆனாலும் உள்ளே வைப்பதென்றால் இழைகளை வேதிமுறையில் பிணைத்தாக வேண்டும். மீன் அலர்ஜி இருக்கிறவர்கள் இதைப் போடுவதற்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.