ரியூசன் இல்லாத குழுப்படிப்பு காணுமா?

தன் தம்பி இந்த முறை உயர்தரப் பரீட்சை எடுக்கிறான், ரியூசனை நிப்பாட்டிப்போட்டு குழுப்படிப்பு மட்டும் காணுமா என்று தோழி ஒருத்தி கேட்டாள். 2022 முதல் இப்படிப் படித்துப் பழகியவள் என்பதால் விரிவாகவே சொல்கிறேன்.

அந்த ஆண்டு இலங்கையில் பெற்றோல் இல்லை, பள்ளிக்கூடமும் மூடிக் கிடந்தது. நிலாவெளியில் இருப்பவர்கள் திருகோணமலை நகரத்து வகுப்புக்கு வந்துபோக வழியில்லை. உப்புவெளியில் ஒரு வீட்டு விறாந்தையில் உயர்தரத்தில் இணைந்த கணிதம் என்ற பாடம் எடுத்தவர்கள் சிலர் கூடினோம். பாஸ்ட் பேப்பர் கட்டு, எந்தப் படிக்கு எத்தனை புள்ளி என்று காட்டும் பரீட்சைத் திணைக்களத்தின் புள்ளித்திட்டம், ஒரு வெள்ளைப் பலகை, அவ்வளவுதான். 2022 பரீட்சை 2023 ஜனவரிக்குத் தள்ளிப்போனதால் நேரமும் கிடைத்தது.

சார்பு வேகம், அதாவது அசைகிற ஒன்றிலிருந்து பார்க்க மற்றது போகிற வேகம், எனக்குப் பிடிபட்டது அந்த விறாந்தையில்தான். இரண்டு கப்பல் கணக்கு ஒன்று வந்தது. கடல்தொழில் செய்கிற வீட்டுப் பெடியன் ஒருவன் இரண்டு பேனை மூடிகளை மேசையில் வைத்தான். "நீ பி கப்பலில ஏறி நில். உனக்கு உன்ர கப்பல் அசையாது. ஏ போறமாதிரித் தெரியிற கோட்டைக் கீறு. உன்னட்ட இருந்து அந்தக் கோட்டுக்குச் செங்குத்துப் போடு, அதுதான் ஆகக் கிட்டின தூரம்." அதற்குப் பிறகு அந்தப் பகுதியில் நான் தடுமாறவில்லை. அவனுக்கும் லாபம்தான். படமே கீறாமல் விடை எடுக்கிறவன், எங்களுக்குக் காட்டப்போய் ஒழுங்காகக் கீறப் பழகினான். புள்ளியும் படிப்படியாகத்தானே கொடுக்கிறார்கள்.

ஆனால் ஒரு விசயம் இன்றுவரை எரிச்சல். தலையாட்டு! ஒருவர் பலகையில் செய்து முடித்து "விளங்கிச்சா?" என்பார், எல்லோரும் ஓம் என்பார்கள். கொப்பியைப் பார்த்தால் பலகையின் பிரதி. உராய்வுக் கணக்கில் இது ஆகவும் மோசம். சாய்தளத்தில் இருக்கும் துணிக்கையை ஒரு கயிறு தளத்துக்குச் சற்று மேலாகச் சாய்ந்து இழுக்கிறது என்று வையுங்கள். செவ்வன் மறுதாக்கம், அதாவது தளம் துணிக்கையைச் செங்குத்தாகத் தள்ளும் விசை, எடுக்கும்போது இழுவையின் தளத்துக்குச் செங்குத்தான கூறையும் கழிக்க வேண்டும். பலகையில் நிற்கிறவர் அதை விட்டால் கூட்டமே விட்டுவிடும். புள்ளித்திட்டம் சரியான வரியைக் காட்டும், எங்கே ஏன் பிழைத்தது என்று சொல்லாது. நல்ல ஆசிரியர் என்றால் முகத்தைப் பார்த்தே பிடித்துவிடுவார்.

கல்வி ஆய்வாளர் சுகதா மித்ரா 1999இல் டில்லி கல்காஜியில் ஒரு சுவரில் கணினியைப் பதித்துவைக்க, பிள்ளைகள் தாங்களே பழகினார்களே என்றாள் தோழி. உண்மைதான். அங்கே பிழையான இடத்தை அழுத்தினால் திரையே காட்டிக்கொடுக்கும். கொப்பியில் விட்டுப்போன கூறு அப்படித் தெரியவராது. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் பௌதிகப் பேராசிரியர் எரிக் மசூர் 1991இல் தொடங்கிய முறையிலும் மாணவர்கள்தான் ஒருவருக்கொருவர் விளக்குகிறார்கள். ஆனால் பேச்சைத் தொடங்குமுன் ஒவ்வொருவரும் தன் விடையைத் தனியே சொல்லியாக வேண்டும், கேள்வியைத் தெரிகிறவரும் ஆசிரியர்தான். அந்தத் தனியே செய்யும் வேலையை எங்கள் குழு கடைசிவரை ஏற்கவில்லை. கேட்டால் நேரம் போகுது என்பார்கள். பிழையான விடைக்குத் தலையாட்டப் போன நேரம் யாருடைய கணக்கில்?

எனக்கு இவ்வளவு தந்த முறைதான். இருந்தாலும் இந்த முறை பரீட்சை எழுதுகிற தம்பிக்கு ரியூசனை நிப்பாட்ட வேண்டாம். குழுவுக்குச் சனிக்கிழமை மட்டும் போகட்டும், அதுவும் கணக்கைத் தன் கொப்பியில் செய்து முடித்துவிட்டு. பலகையில் எழுதுகிறவரை மறித்து, இந்த வரி எங்கிருந்து வந்தது என்று கேட்கக் கூச்சப்படுகிற பிள்ளை என்றால் அந்தச் சனிக்கிழமையும் வேண்டாம்.