சாதனைப் பெண்கள் தொகுப்புகள்: பிள்ளைகளுக்கு வாங்குமுன் எந்தப் பக்கத்தைப் புரட்டுவது?

புத்தகக் காட்சியின் சிறுவர் அரங்குகளில் ‘சாதனைப் பெண்கள்’ வரிசை நூல்களுக்குப் பஞ்சமே இல்லை. பெரும்பாலும் மூன்று வடிவங்களில் வருகின்றன. ஐம்பது, நூறு பேரை ஆளுக்கு ஒரு பக்கமாக அடுக்கிய தொகுப்பு ஒன்று. எட்டு முதல் பன்னிரண்டு பேரை மட்டும் எடுத்து ஒவ்வொருவருக்கும் எட்டு, பத்து பக்கம் ஒதுக்கும் நூல் இன்னொன்று. ஒரே ஒருவரைப் பற்றி 32 அல்லது 48 பக்கங்களில் வரும் மெல்லிய புத்தகம் மூன்றாவது. ஆண்டு விழாப் பரிசுக்கு மொத்தமாக வாங்கும் பள்ளிகள் முதல் வகையைத்தான் அள்ளிச் செல்கின்றன. கெட்டி அட்டை, பக்கத்துக்குப் பக்கம் வண்ணப்படம், மேடையில் கொடுக்கும்போது எடுப்பான தோற்றம். உட்கார்ந்து படிக்கப்போகிற பிள்ளைக்கு மூன்றிலும் சுமாரான தேர்வு அதுதான்.

காரணம் இட நெருக்கடி. நான்காம் வகுப்புப் பிள்ளை சிரமமின்றிப் படிக்க எழுத்து 14 புள்ளி அளவிலாவது இருக்க வேண்டும். அந்த அளவில், படம் போக ஒரு பக்கத்தில் 120 முதல் 150 சொற்கள்தான் நிற்கும். பிறந்த ஊர், பெற்றோர், ‘பல தடைகளைத் தாண்டி’ என்று ஒரு வரி, சாதனை, விருது, மறைவு. இதற்குள் சொற்கள் தீர்ந்துவிடும். காணாமல் போவது நடுப்பகுதி. மேரி கியூரியை எடுத்துக்கொள்ளுங்கள். வார்சாவில் பெண்கள் பல்கலைக்கழகத்தில் சேர முடியாத காலம். அக்கா புரோன்யா பாரிஸில் மருத்துவம் படிக்க மேரி வீட்டு ஆசிரியை வேலை பார்த்துப் பணம் அனுப்புவது, அக்கா படித்து முடித்ததும் தங்கைக்குக் கைகொடுப்பது என்று இருவரும் ஓர் ஏற்பாடு செய்துகொள்கிறார்கள். அந்த ஏற்பாட்டால்தான் 1891-ல் மேரி பாரிஸுக்குப் போக முடிந்தது. 1903 நோபல் பரிசுக்குக்கூட முதலில் கணவர் பியர் கியூரி, இயற்பியலாளர் பெக்கரல் இருவர் பெயர்தான் பேச்சில் இருந்தது. ஸ்வீடன் கணித அறிஞர் மித்தாக்-லெஃப்லர் பியருக்குத் தகவல் சொல்ல, பியர் மேரியின் பங்கை வலியுறுத்தி எழுதிய பிறகே அவர் பெயர் சேர்ந்தது. ஒரு பக்கத் தொகுப்பில் இதெல்லாம் கழிந்து, ‘இரண்டு நோபல் பரிசு பெற்றவர்’ என்பது மட்டும் மிஞ்சும். விநாடி வினாவுக்கு அது போதும்.

கடையில் நின்றபடியே நூலின் தரத்தைப் பார்க்க எளிய வழி, முத்துலட்சுமி ரெட்டி பகுதியைத் திறப்பது. தமிழ்த் தொகுப்புகளில் அவரைத் தவிர்க்க முடியாது. அவரைப் பற்றி எழுதும்போது மூன்று இடங்களில் வழுக்கும்.

முதலாவது, ‘இந்தியாவின் முதல் பெண் மருத்துவர்’ என்ற வரி. அவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றது 1912-ல். ஆனந்திபாய் ஜோஷி பென்சில்வேனியாவிலும், கடம்பினி கங்குலி கல்கத்தாவிலும் மருத்துவப் படிப்பை முடித்தது 1886-ல். முத்துலட்சுமி பிறந்ததே அந்த ஆண்டுதான். ‘சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த முதல் பெண்’ என்பதும் நிற்காது. 1875-லேயே மேரி ஷார்லிப் உட்பட நான்கு பெண்கள் அங்கே சேர்ந்திருக்கிறார்கள். சட்டமன்றத்தைப் பொறுத்தவரை ‘முதல்’ என்பது சரி: 1927-ல் சென்னை சட்டமன்ற மேலவையில் உறுப்பினராகி, துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். கிடைத்த இடத்திலெல்லாம் ‘முதல்’ போட்டிருக்கும் நூலில் மற்ற தகவல்களையும் சந்தேகித்தே படிக்க வேண்டும்.

இரண்டாவது, தாய் சந்திரம்மாள். அவர் இசை வேளாளர் சமூகத்தைச் சேர்ந்தவர், தேவதாசி மரபில் வந்தவர். தந்தை நாராயணசாமி ஐயர் புதுக்கோட்டை மன்னர் கல்லூரி முதல்வர். பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது என்ற தயக்கத்தில் பல நூல்கள் தாயின் பின்னணியை விழுங்கிவிடும். அதை எடுத்துவிட்டால், ஒரு மருத்துவர் ஏன் தேவதாசி ஒழிப்பைத் தலைமேல் போட்டுக்கொண்டார் என்று பிள்ளைக்குப் புரியாது. ‘கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடப்பட்ட சிறுமிகளுக்குத் திருமண உரிமை இல்லை, அம்மாவின் குடும்பத்திலேயே அந்த வேதனை இருந்தது’ என்று பத்து வயதுக்கு ஏற்பச் சொல்லலாம். சொல்லியிருக்கும் நூல்களும் உண்டு. அவற்றைத் தாராளமாக வாங்கலாம்.

மூன்றாவது, ஆண்டுகள். சட்டமன்றத்தில் அவர் மசோதா கொண்டுவந்தது 1930-ல். அதே ஆண்டு காந்தி கைதானதைக் கண்டித்துப் பதவி விலகினார். பொட்டுக்கட்டும் வழக்கத்தைத் தடுக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் நிறைவேறியது 1947-ல். இடையில் பதினேழு ஆண்டுகள். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்ததற்கும் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954-ல் செயல்படத் தொடங்கியதற்கும் இடையே இருபது ஆண்டுகளுக்கு மேல். ‘சட்டம் இயற்றினார், மருத்துவமனை கட்டினார்’ என்று அடுத்தடுத்த வரிகளில் எழுதினால் எல்லாம் ஒரே வாரத்தில் முடிந்ததுபோல் ஆகிவிடும். மசோதா, தீர்மானம், சட்டம் மூன்றையும் பிரித்துச் சொல்கிற நூல் ஆயிரத்தில் ஒன்று. இந்தப் போராட்டத்தில் உடன் நின்ற மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரின் பெயராவது அந்தப் பகுதியில் வருகிறதா என்றும் பாருங்கள்.

தாவரவியலாளர் ஜானகி அம்மாள் இப்போது எல்லாத் தொகுப்புகளிலும் வருகிறார், மகிழ்ச்சிதான். ஆனால் ‘இந்தியக் கரும்பை இனிப்பாக்கியவர்’ என்ற தலைப்போடு வருகிறார். கோவை கரும்பு இனப்பெருக்க நிலையம் 1912-ல் தொடங்கியது. பார்பரும் டி.எஸ். வெங்கட்ராமனும் நாட்டுக் கரும்பையும் காட்டுவகை நாணலையும் கலந்து உருவாக்கிய கோ 205 என்ற ரகம் வெளிவந்தது 1918-ல். ஜானகி அம்மாள் அங்கே சேர்ந்தது 1934-ல். அவர் செய்தது கரும்பின் குரோமோசோம்களை ஆராய்ந்ததும், கரும்பை மக்காச்சோளம் போன்ற பிற புல்லினங்களோடு கலந்து பார்த்ததும். மிகைப்படுத்தத் தேவையே இல்லாத வாழ்க்கை அவருடையது. 1931-ல் மிச்சிகன் பல்கலைக்கழக முனைவர் பட்டம், 1945-ல் மரபியலாளர் டார்லிங்டனோடு சேர்ந்து எழுதிய பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் தொகுப்பு, நேரு அழைத்து ஒப்படைத்த இந்தியத் தாவரவியல் ஆய்வகச் சீரமைப்பு, எண்பதை நெருங்கும் வயதில் அமைதிப் பள்ளத்தாக்கைக் காக்க எழுப்பிய குரல். சர்க்கரைக் கதை கவர்ச்சியாக இருப்பதால் இதெல்லாம் பின்னுக்குப் போய்விடுகிறது.

நடுப்பகுதியைச் சரியாக எழுதினால் எப்படி இருக்கும் என்பதற்குப் பொறியாளர் அ. லலிதா நல்ல உதாரணம். பதினெட்டு வயதில் கணவரை இழந்தவர். கையில் நான்கு மாதக் குழந்தை. 1940-ல் கிண்டி பொறியியல் கல்லூரியில் மின் பொறியியலில் சேர்ந்து 1943-ல் பட்டம் பெற்றார். பட்டச் சான்றிதழில் ‘ஹீ’ என்று அச்சாகியிருந்ததை அடித்து ‘ஷீ’ என்று கையால் எழுதிக் கொடுத்தார்கள். இந்தச் சான்றிதழ்க் கதையைப் பல நூல்கள் சொல்கின்றன. ஆனால் படிக்கிற பிள்ளை முதலில் கேட்கப்போவது, ‘அம்மா காலேஜுக்குப் போனால் பாப்பாவை யார் பார்த்துக்கிட்டாங்க?’ என்பதைத்தான். குழந்தை உறவினர் வீட்டில் வளர்ந்தது, லலிதா விடுதியில் தங்கிப் படித்தார். தந்தை சுப்பாராவ் அதே கல்லூரியில் பேராசிரியர். முதல்வர் சாக்கோ சேர்க்கைக்கு ஒப்புக்கொண்டார். கல்லூரியில் தனியாக இருந்த அவருக்குத் துணையாக லீலம்மா ஜார்ஜும் பி.கே. த்ரேசியாவும் சிவில் பிரிவுக்கு வந்தார்கள். துணைநின்றவர்களைச் சொல்வதால் சாதித்தவரின் பெருமை குறையாது. ‘தன்னந்தனியாகப் போராடி’ என்ற தேய்ந்துபோன தொடர் ஒரே நூலில் ஐந்து பேருக்கு வந்திருந்தால், எழுதியவர் தேடிப் படிக்கவில்லை என்று அர்த்தம்.

ஆங்கிலத்திலிருந்து வந்த தொகுப்புகளில் சோதித்துப் பார்க்க ஏற்ற பகுதி, அமெரிக்காவில் பேருந்து இருக்கையிலிருந்து எழ மறுத்துக் கைதான கறுப்பினப் பெண் ரோசா பார்க்ஸ். ‘வேலை முடிந்து களைத்துப்போன ஒரு பாட்டி வெள்ளையர் இருக்கையில் அமர்ந்தார்’ என்று இருந்தால் புத்தகத்தை மூடிவிடலாம். 1955 டிசம்பர் 1 அன்று அவருக்கு வயது 42. அமர்ந்திருந்தது கறுப்பினத்தவருக்கான பகுதியின் முன்வரிசையில். வெள்ளையர் பகுதி நிரம்பியதால் எழச் சொன்னார்கள். அதற்கு முன்பே பல ஆண்டுகள் உரிமை அமைப்பில் செயலாளராக இருந்தவர் அவர். ஒன்பது மாதங்களுக்கு முன் அதே மாண்ட்கோமரி நகரில் 15 வயது கிளாடெட் கால்வின் எழ மறுத்துக் கைதாகியிருந்தார். பன்னிரண்டு வயது வாசகருக்கு அந்தச் சிறுமியின் கதைதான் இன்னும் நெருக்கமாக இருக்கும். பேருந்துப் புறக்கணிப்பு 381 நாள் நீடித்ததையும், அத்தனை நாளும் மக்கள் எப்படி வேலைக்குப் போனார்கள் என்பதையும் சொன்னால் அது நல்ல நூல்.

கல்பனா சாவ்லாவை ‘இந்தியா அனுப்பிய விண்வெளி வீராங்கனை’ என்பது இன்னும் அச்சில் தொடர்கிறது. கர்னாலில் பிறந்து, அமெரிக்கக் குடியுரிமை பெற்று, நாசாவுக்காக 1997-லும் 2003-லும் பறந்தவர் அவர்.

சாவித்திரிபாய் புலே பகுதியில் எல்லா நூலும் ஒரே காட்சியைத்தான் காட்டும்: பள்ளிக்குப் போகும் வழியில் சாணியும் கல்லும் எறிவார்கள், பையில் இன்னொரு சேலை வைத்திருப்பார். உண்மைதான், சொல்ல வேண்டியதும்தான். ஆனால் கதை அங்கேயே நின்றுவிடுகிறது. கருவுற்ற விதவைகளுக்காக அவரும் கணவர் ஜோதிராவும் நடத்திய காப்பகம், அங்கே பிறந்த யஷ்வந்தைத் தத்தெடுத்தது, பிளேக் பரவியபோது நோயுற்ற சிறுவனைத் தூக்கிச் சென்று தொற்று ஏற்பட்டு 1897 மார்ச் 10-ல் இறந்தது ஆகியவை சேர்ந்தால்தான் ஆசிரியை என்பதைத் தாண்டிய உருவம் கிடைக்கும்.

படங்கள் விஷயத்தில் இப்போது புதிய தொல்லை ஒன்று. கணினி தானாக வரைந்த முகங்களை அச்சிடுகிறார்கள். எல்லாப் பெண்களுக்கும் ஒரே மூக்கு, ஒரே சிரிப்பு. 19ஆம் நூற்றாண்டுப் பெண்ணுக்கு இந்தக் காலத்து முந்தானை மடிப்பு. ஆனந்திபாய்க்கு 1885-ல் பிலடெல்ஃபியாவில் எடுத்த அருமையான புகைப்படம் இருக்கிறது. ஜப்பானின் கெய் ஒகாமி, சிரியாவின் சபாத் இஸ்லாம்பூலி ஆகியோருடன், மூவரும் அவரவர் நாட்டு உடையில். அதைப் போடாமல் கற்பனை முகம் ஒன்றைப் போடுவதில் என்ன மிச்சமாகிறதோ தெரியவில்லை.

தயாரிப்பைப் பற்றிச் சில குறிப்புகள். பதிப்பு விவரங்கள் அச்சாகும் இம்ப்ரிண்ட் பக்கத்தில் ஆசிரியர், ஓவியர், மொழிபெயர்ப்பாளர் மூவர் பெயரும் இருக்க வேண்டும். மொழிபெயர்ப்பாளர் பெயரே இல்லாத மொழிபெயர்ப்பு என்றால் எச்சரிக்கை தேவை; அட்டையில் ‘கியூரி’, உள்ளே ‘க்யூரி’, இன்னொரு பக்கத்தில் ‘குரி’ என்று வரும், தூரமெல்லாம் மைலிலேயே நிற்கும். தாள் 60 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற எடை அளவு) என்றால் பின்பக்கப் படம் முன்பக்கம் தெரியும். வண்ணப்படம் இருந்தால் 90-க்குக் குறையாத மேப்லித்தோ (பளபளப்பில்லாத வெள்ளைத் தாள்) நல்லது. ஆர்ட் பேப்பர் பளபளப்பாக இருக்கும், ஆனால் குழல்விளக்கின் கீழ் கண் கூசும். நூறு பக்கத்துக்கு மேற்பட்ட நூலில் வெறும் பசை பைண்டிங் வகுப்பறையில் ஒரு வருடம் தாங்காது. நடுவில் விரித்து அழுத்திப் பாருங்கள், முதுகில் ‘சடக்’ என்று கேட்டால் தாள் கழன்றுவரும். 48 பக்க நூலுக்கு நடுமடிப்பில் அடிக்கும் சென்டர் பின் போதும், பின் துருப்பிடிக்காமல் இருந்தால். தைத்த பைண்டிங் கிடைத்தால் விலை கூடினாலும் நூலகத்துக்கு அதுவே லாபம்.

பணமே செலவழிக்காமல் தொடங்க விரும்புவோருக்கு ஸ்டோரிவீவர் தளம் உண்டு. பெங்களூருவின் பிரதம் புக்ஸ் 2015-ல் தொடங்கியது, தமிழிலும் கதைகள் உள்ளன. கதைகள் நான்கு நிலைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும்: முதல் நிலை 250 சொல் வரை, இரண்டாவது 600 வரை, மூன்றாவது 1500 வரை, நான்காவது அதற்கு மேல். வாழ்க்கைக் கதைகளுக்கு மூன்றாம் நிலையிலிருந்து தேடுவது நல்லது. அதற்குக் கீழே நடுப்பகுதிக்கு இடம் இருக்காது. வானிலை விஞ்ஞானி அன்னா மாணியைப் பற்றிய படக்கதை அந்தத் தளத்தின் நல்ல பொருள்களில் ஒன்று. அவரைப் பற்றி வேறு எங்கே படித்தாலும் ஒன்றைக் கவனியுங்கள்: சி.வி. ராமனிடம் ஆய்வு செய்து ஐந்து கட்டுரைகள் வெளியிட்ட பிறகும், முதுகலைப் பட்டம் இல்லை என்று சொல்லி அவருக்கு முனைவர் பட்டம் மறுக்கப்பட்டது. ‘டாக்டர் அன்னா மாணி’ என்று அச்சிட்டிருந்தால் அந்த அநீதியே அழிந்துபோகிறது.

தளத்தின் குறை மொழிபெயர்ப்பின் ஏற்றத்தாழ்வு. யார் வேண்டுமானாலும் மொழிபெயர்த்து ஏற்றலாம் என்பதால் நல்ல தமிழும் தட்டுத்தடுமாறும் தமிழும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும். பதிப்பகங்கள் ஏற்றியவற்றை முதலில் பாருங்கள். மற்றவற்றில் முதல் மூன்று பக்கத்தை வாய்விட்டுப் படித்தால் தெரிந்துவிடும். கதைகள் திறந்த உரிமத்தில் இருப்பதால், எழுதியவர், வரைந்தவர், மொழிபெயர்த்தவர் பெயர்களை நீக்காமல் அச்சிட்டுப் பள்ளியில் கொடுக்கலாம். பக்கங்கள் பெரும்பாலும் அகலவாட்டில் இருப்பதால் ஏ4 தாளை நிமிர்த்தி வைத்து ஒரு பக்கத்துக்கு இரண்டு படம் என்று அச்சிட்டால் 16 பக்கக் கதை இருபுறமும் சேர்த்து நான்கு தாளில் அடங்கும். கறுப்பு வெள்ளையில் அடிப்பதென்றால் முதலில் ஒரு தாள் மட்டும் எடுத்துப் பாருங்கள். அடர்ந்த பின்னணி வண்ணத்தின் மேல் எழுத்து அமைந்த பக்கங்கள் மை பூசியதுபோல் ஆகிவிடும்.