லீ வேலி: தச்சுவேலை தெரிந்த ஒரு குடும்பத்தின் கடை

தச்சுவேலை பழகத் தொடங்கிய யாரும் என்னிடம் முதலில் கேட்பது, சீவுளியும் உளியும் எங்கே வாங்குவது என்றுதான். பெரிய ஹார்ட்வெயர் கடைகளில் மலிவாகச் சீவுளி கிடைக்கும். வீட்டுக்குக் கொண்டுவந்து, அடிப்பக்கத்தைத் தேய்த்து மட்டமாக்கி, அலகைத் தீட்டி, ஆடுகிற திருகாணிகளைச் சரிபண்ணி முடிப்பதற்குள் பழகுகிறவருக்கு அலுத்துவிடும். தனக்குத்தான் வேலை வரவில்லை என்று நினைத்து விட்டுவிடுவார்கள். அதனால் என் பதில் எப்போதும் ஒன்றுதான்: காசு கொஞ்சம் சேரட்டும், கனடாவின் தச்சுச் சாமான் கடையான லீ வேலிக்குப் போங்கள்.

ரொறன்ரோப் பக்கம் இருக்கிறவர்களுக்கு, அதிலும் நம் ஆட்கள் நிறைய இருக்கிற ஸ்காபரோவில் வசிப்பவர்களுக்கு, அந்தக் கடை மார்னிங்சைட் அவெனியூவிலேயே இருக்கிறது. தலைமையகம் ஒட்டாவா. அங்கேதான் 1978இல் லெனார்ட் லீயும் அவருடைய மனைவி லொரைனும் இதைத் தொடங்கினார்கள்.

லெனார்ட் லீ 1938இல் சஸ்காச்சுவான் மாகாணத்தின் வடீனா என்ற ஊரில் பிறந்தவர். மின்சாரமும் குழாய்த் தண்ணீரும் இல்லாத மரக்குற்றி வீட்டில் வளர்ந்திருக்கிறார். உடைந்ததைத் தாங்களே திருத்த வேண்டும், இல்லாததைத் தாங்களே செய்ய வேண்டும் என்கிற வாழ்க்கை. பிறகு படித்து, கனடா அரசாங்கத்தில் நல்ல உத்தியோகம் பார்த்தார். வெளிநாட்டுச் சேவையிலும் இருந்தார். நாற்பது வயதில் அதை விட்டுவிட்டு, தபால் வழியாகத் தச்சுச் சாமான் விற்கப் போனார். குடும்பத்தோடு இருக்கிற ஒருவர் அந்த வயதில் ஓய்வூதியம் உள்ள அரசாங்க வேலையை விடுவது என்றால், எங்கள் ஊரில் சொந்தக்காரர் எல்லோரும் திரண்டு வந்து புத்தி சொல்லியிருப்பார்கள்.

இதற்கு முன்பு அந்தத் தம்பதி விற்றது தச்சுச் சாமான் இல்லை. பழைய இரும்புப் பீப்பாயை விறகு அடுப்பாக மாற்றுவதற்கான கதவு, கால், புகைக்குழாய் வளையம் போன்ற வார்ப்பிரும்புப் பாகங்களை விற்றார்கள். எண்ணெய் விலை ஏறி, வீட்டைச் சூடாக்குவதே பெரிய செலவாகியிருந்த எழுபதுகள் அது. தபாலில் சாமான் அனுப்பும் தொழிலை அந்த அடுப்பில்தான் பழகினார்கள்.

அந்தக் காலத்தில் கைச் சாமான்களின் நிலைமை நல்லதாக இல்லை. மின்சார இயந்திரங்கள் வந்தபிறகு பெயர்பெற்ற பழைய நிறுவனங்கள் தங்கள் சீவுளி வகைகளை ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டிருந்தன. மிச்சமிருந்தவற்றின் வார்ப்பும் தரமும் இறங்கிவிட்டன. நல்ல சாமான் வேண்டுமென்றால் கனடாக்காரர் எல்லை தாண்டி அமெரிக்காவுக்கு எழுதிப்போட்டு, சுங்கமும் கட்டி எடுக்க வேண்டியிருந்தது. லீ பிடித்தது அந்த இடைவெளியைத்தான்.

ஆனால் ஒரு கடைக்காரராக மட்டும் அவர் இருந்திருந்தால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். வாங்கி விற்கிற சாமானில் குறை தெரிந்ததும், அதைத் தாங்களே திருத்திச் செய்யலாம் என்று எண்பதுகளில் வெரிட்டாஸ் என்ற தங்கள் சொந்தப் பட்டறையைத் தொடங்கினார்கள். பழைய சீவுளியை அச்சொட்டாகத் திரும்பச் செய்யவில்லை. பழையதில் எது கையைப் படுத்தியது என்று யோசித்து வேறு வழி பார்த்தார்கள். இன்று என் மேசையில் இருக்கிறவற்றில் பாதிக்கு மேல் வெரிட்டாஸ் சாமான்.

எடுத்துக்காட்டாக அவர்களுடைய தாழ்கோண ஜாக் சீவுளி, பலவித வேலைக்கும் ஏற்ற நடுத்தர நீளச் சீவுளி. 15 அங்குல நீளம், அலகு 2¼ அங்குல அகலம். வழக்கமான இரும்புச் சீவுளியில் அலகு 45 பாகையில் படுத்திருக்கும், தீட்டிய சாய்வு கீழ்ப்பக்கம் பார்க்கும். இதில் அலகு வெறும் 12 பாகையில் கிடக்கிறது, சாய்வு மேலே பார்க்கிறது. அதனால் நீங்கள் தீட்டுகிற சாய்வுதான் வெட்டுக்கோணத்தைத் தீர்மானிக்கும். 25 பாகையில் தீட்டிய அலகைப் போட்டால் வெட்டுக்கோணம் 37. பலகையின் வெட்டுமுனையைச் சீவ அது அருமை. 38 பாகையில் தீட்டிய இன்னோர் அலகைப் போட்டால் 50 ஆகிவிடும். நார் அங்குமிங்கும் ஓடுகிற மேப்பிள் பலகையும் பிய்யாமல் சீவப்படும். ஒரே உடம்பு, இரண்டு அலகு, இரண்டு சீவுளியின் வேலை. முன்பக்கத்துத் தகட்டை நகர்த்தி, அலகு எட்டிப் பார்க்கிற வாயைக் குறுக்கலாம். அலகின் இரு பக்கமும் சின்னத் திருகாணிகள் வைத்திருக்கிறார்கள். ஒருமுறை அளந்து இறுக்கிவிட்டால், தீட்டித் திரும்பப் போடும்போது அலகு அதே இடத்தில் வந்து உட்காரும். வேலை செய்கிறவனின் நேரத்தை மதிக்கிற ஒருவருக்குத்தான் இந்தத் திருகாணி தோன்றும்.

என் அப்பா யாழ்ப்பாணத்தில் தச்சர். பனஞ்சிலாகை செதுக்குவதில் இருந்து முதிரைமரக் கதவு, நிலை எல்லாம் செய்தவர். முதிரை லேசில் வசப்படாது. நார் எதிரும் புதிருமாக ஓடும், சீவினால் பிய்த்துக்கொண்டு வரும். அப்பா அதற்கென்று அலகை நிமிர்த்தி வைத்த ஒரு தனி மரச் சீவுளி வைத்திருந்தார். அந்தச் சீவுளியோடு எல்லாமே ஊரில் போய்விட்டன. வெரிட்டாஸ் சீவுளியை அவர் கையில் கொடுத்தபோது, முதலில் கவிழ்த்து அடிப்பக்கத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தார், மட்டக்கோலை வைத்துப் பார்த்தார். பிறகு ஓர் ஓக் பலகையில் ஓட்டினார். சீவல் மெல்லிசாக, அறுபடாமல் சுருண்டு வந்தது. “வேலை சுத்தம். ஆனா பிள்ளை, இது சரியான கனம். ஒரு முழுநாள் கதவு சீவினா தோள் கழன்றுபோம்” என்றார். அவர் சொல்வது நியாயம். மரச் சீவுளியோடு ஒப்பிட்டால் இந்த வார்ப்பிரும்பு உடம்பு நல்ல பாரம். என்னைப் போல மாலையில் சிறிது நேரம் வேலை செய்கிறவர்களுக்கு அந்தக் கனமே உதவி, அது தானாக முன்னே போகும். நாள்முழுக்கச் சீவுகிற தச்சருக்கு வேறு கணக்கு. வாங்கப் போகிறவர்கள் தாங்கள் எந்த ரகம் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

அப்பா ஒரு சொல்லும் குறை சொல்லாமல் ஏற்றுக்கொண்டது தீட்டுகிற சாமான்களை. லெனார்ட் லீக்குத் தீட்டுவதில் பைத்தியம் என்றே சொல்லலாம். 1995இல் அதைப் பற்றி மட்டுமே ஒரு முழுப் புத்தகம் எழுதினார். அந்த அக்கறை கடை முழுக்கத் தெரியும். அலகைக் குறித்த கோணத்தில் பிடித்துக் கல்லில் உருட்டுகிற அவர்களுடைய ஹோனிங் கைட், கைப்பழக்கம் வராதவர்களுக்குப் பெரிய உபகாரம். வேண்டிய கோணத்தை முன்கூட்டியே வைத்துக்கொள்ளலாம். கடைசியில் உருளையின் அச்சைச் சற்றுத் திருப்பினால், நுனியில் மட்டும் ஒரு சின்ன மேல்சாய்வு விழும். அப்பாவுக்கு இது தேவையே இல்லை, வெறும் கையாலேயே தீட்டுவார். ஆனால் என் மகன் அதை வைத்துத் தீட்டிய உளியை அப்பா எடுத்து முன்கை மயிரில் வைத்துப் பார்த்துவிட்டு, தலையாட்டினார்.

2012இல் அவர்கள் பிஎம்-வி11 என்ற உருக்கில் அலகு செய்யத் தொடங்கினார்கள். உலோகத் தூளை அழுத்திச் செய்கிற உருக்கு அது. எவ்வளவு நேரம் கூர் நிற்கிறது, தீட்ட எவ்வளவு எளிது, அடிபட்டால் நுனி உதிர்கிறதா என்று பல கலவைகளைச் சோதித்துப் பார்த்தார்கள். பதினோராவது கலவை தேறியதால்தான் பெயரில் 11. வழக்கமாக, கூர் நீண்டநேரம் நிற்கிற உருக்கைத் தீட்டும்போது உயிர் போகும். இது அப்படி இல்லை. சாதாரண அலகைவிட விலை கூட. இருந்தாலும் சீவுளிக்கு வாங்குவதென்றால் நான் இதைத்தான் சொல்வேன். உளிக்கு அவ்வளவு அவசியம் என்று நினைக்கவில்லை. உளியை வேலைக்கு நடுவே நிறுத்தித் தீட்டுவது எனக்குப் பழகிவிட்டது.

கடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் முதலில் போன காலத்தில் அங்கே சாமானை எடுத்துக் கூடையில் போடுகிற வழக்கம் இல்லை. கண்ணாடிப் பெட்டிகளில் மாதிரிகள் இருக்கும், மேசைகளில் கற்றலொக் புத்தகங்கள் விரித்துக் கிடக்கும். ஒரு துண்டுக் கடதாசியில் கட்டைப் பென்சிலால் சாமானின் இலக்கத்தை எழுதிக் கொடுத்தால், உள்ளே போய் எடுத்து வந்து, பெட்டியைத் திறந்து காட்டித் தருவார்கள். தபால் வியாபாரமாகத் தொடங்கிய கடை என்பது அந்த முறையிலேயே தெரியும். அதில் ஒரு நன்மை இருந்தது, யாரும் உங்களை அவசரப்படுத்த மாட்டார்கள். கற்றலொக்கைப் படித்துக்கொண்டே நிற்கலாம். படிக்கவும் வேண்டும். ஒரு சாமான் எதற்கு உதவும், எப்படிப் பிடிக்க வேண்டும், என்ன உருக்கு, எத்தனை அங்குலம் என்று விவரமாக எழுதியிருப்பார்கள். அப்பாவுக்கு இங்கிலீஷ் வாசிப்பது கஷ்டம். ஆனால் அந்தப் படங்களையும் அளவுகளையும் வைத்தே எது எதற்கு என்று எனக்கு விளங்கப்படுத்துவார்.

கனடாவுக்கே உரிய சதுரத்தலைத் திருகாணி, மில்டனில் ரொபர்ட்சன் என்பவர் நூறு வருஷத்துக்கு முன்பு செய்யத் தொடங்கியது, இங்கே பித்தளையிலும் உருக்கிலும் பல அளவுகளில் கிடைக்கும். திருகும்போது வழுக்காது. பிணைச்சல், கைபிடி, இழுப்பறைத் தண்டவாளம் போன்றவற்றுக்கும் இங்கே வரலாம்.

இந்தக் குடும்பத்தைப் பற்றி எனக்குப் பிடித்த கதை லொரைன் லீயினுடையது. 1994இல் ஆர்மேனிய முறையில் தோடம்பழ (ஆரஞ்சு) கேக் செய்துகொண்டிருந்தார். தோலைத் துருவப் பழைய துருவி சரிவரவில்லை. கடையில் புதிதாக வந்திருந்த, மரத்தை ராவுகிற அரம் ஒன்று வீட்டில் இருந்தது. அமெரிக்காவில் ஆர்கன்சாவில் ஒரு குடும்ப நிறுவனம் செய்கிற மைக்ரோபிளேன் அரம். அதை எடுத்துத் தோடம்பழத்தில் தேய்த்தார். வெள்ளைப்பகுதி வராமல், மேல்தோல் மட்டும் பூப்பூவாக விழுந்தது. உடனே அந்தத் தச்சு அரத்தைச் சமையலுக்கும் பயன்படும் என்று எழுதி விற்கத் தொடங்கினார்கள். இன்று உலகத்துச் சமையலறைகளில் எல்லாம் இருக்கிற நீட்டுத் துருவிக்கு வழி அப்படித்தான் திறந்தது. எங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கிறது, இஞ்சி துருவவும் கறுவாப்பட்டை உரசவும். சாமானைக் கையில் எடுத்துப் பாவிக்கிறவர்கள் கடை நடத்தினால்தான் இப்படி நடக்கும். கணக்குப் பார்க்க மட்டும் வருகிற முதலாளியின் வீட்டில் அந்த அரம் இருந்திருக்காது.

லெனார்ட் லீ 1998இல் சத்திரசிகிச்சைக் கருவிகள் செய்யும் கனிகா என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். கடைப் பொறுப்பு மகன் ரொபின் லீயிடம் போனது. மரம் செதுக்கும் கத்தியின் பிடியை யோசித்த அதே மனிதர் வைத்தியரின் கத்திப்பிடியைப் பற்றியும் யோசித்திருக்கிறார். 2002இல் ஓர்டர் ஒஃப் கனடா விருது கிடைத்தது. 2016இல் காலமானார்.

எல்லாமே நல்லது என்று சொல்லமாட்டேன். விலை கூட. நான் சொன்ன சீவுளி 300 டொலருக்கு மேல். வெரிட்டாஸ் சீவுளிகளின் பின்கைப்பிடி, அமெரிக்க ஸ்ரான்லி நிறுவனத்துப் பழைய சீவுளிகளின் பிடியைவிட நிமிர்ந்து நிற்கும். உயர்ந்த மேசையில் வேலை செய்கிறவர்களுக்கு அது சரி. என் மேசை உயரம் குறைவு, அதனால் பழைய சாய்ந்த பிடிதான் எனக்கு இதம். 2014க்குப் பிறகு அலகின் கோணத்தையும் பிடியையும் நாமே தெரிந்தெடுக்கக்கூடிய சீவுளிகளும் வந்திருக்கின்றன. வாங்குவதானால் கடைக்கு நேரே போய், பிடித்துப் பார்த்து வாங்குங்கள். அப்புறம், தோட்டச் சாமானும் பரிசுப் பொருட்களும் கடையில் நிறைய. அவை எனக்குத் தேவையில்லை, ஆனால் என் மனைவியை அந்தப் பக்கத்தில் இருந்து வெளியே கூட்டிவர நேரம் எடுக்கும்.

புதிதாகத் தொடங்குகிறவர் முதலில் சீவுளி வாங்க வேண்டாம். வட்டத்தகடு வைத்த கோடு கீறும் கேஜ் ஒன்று, ஹோனிங் கைட், ஒரு தீட்டுக்கல், அரை அங்குல உளி, இவை போதும். பலகை முனைகளைப் புறாவின் வால் வடிவப் பற்களால் கோக்கிற புறாவால் மூட்டு வெட்ட ஆசை இருந்தால், வெரிட்டாஸின் சின்ன வாளை (ரம்பத்தை) சேர்த்துக்கொள்ளுங்கள். முதுகை உருக்குத் தூளும் பிளாஸ்டிக்கும் கலந்து வார்த்திருப்பதால், பித்தளை முதுகு வைத்த மற்ற நல்ல வாள்களைவிட விலை குறைவு, வெட்டு நேராகப் போகும். ஆறு மாதம் பழகிய பிறகும் மரத்தில் ஆசை இருந்தால், அந்த ஜாக் சீவுளியை 25 பாகை அலகோடு எடுங்கள். 38 பாகை அலகை, சீவும்போது பிய்கிற பலகை ஒன்று கைக்கு வந்த பிறகு வாங்கலாம்.